அந்த மூன்று நாள் வலி... மொட்டைமாடியில் தொடங்கும் வைத்தியம்!

காலை ஏழே கால். எட்டு மணி காலேஜ் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டிய பெண் இன்னும் கட்டிலில் சுருண்டு கிடக்கிறாள். முழங்கால் நெஞ்சைத் தொட, இரண்டு கைகளாலும் அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருக்கிறாள்.

“அம்மா, இன்னிக்கு இன்டர்னல் டெஸ்ட்மா... எந்திரிக்கவே முடியல.”

அம்மா வெந்நீர்ப் பையை நிரப்பிக் கொண்டுவந்து வைக்கிறார். கூடத்திலிருந்து பாட்டியின் குரல் வருகிறது. “எங்களுக்கெல்லாம் வராத வலியா? கல்யாணமாகி ஒரு குழந்தை பொறந்தா தானா சரியாயிடும்.” அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தம்பிக்கு மட்டும், “அக்காவுக்கு உடம்பு சரியில்லை, போய் விளையாடு” என்று பதில் கிடைக்கிறது.

இந்த வீட்டுக்கு முகவரி தேவையில்லை. மாதம் ஒரு முறை நம் தெருவில் பாதி வீடுகளில் நடக்கும் காட்சிதான் இது. வலி நிஜம். டெஸ்ட் போனதும் நிஜம். “தாங்கிக்கத்தான் வேணும்” என்பது மட்டும் நிஜமில்லை.

வெந்நீர்ப் பை, சீரகத் தண்ணீர், ஒரு மாத்திரை என்பதோடு நம் வீடுகளின் வைத்தியம் முடிந்துவிடுகிறது. மருத்துவ ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் இன்னொரு வழி, பெரும்பாலான பெண்களின் காதுக்கு வந்து சேரவே இல்லை. அதுதான் உடற்பயிற்சி. அது எந்த அளவுக்கு உதவும், எப்படிச் செய்ய வேண்டும், எங்கே அதை நம்பிக்கொண்டு உட்காரக் கூடாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வலி எங்கிருந்து வருகிறது?

கர்ப்பப்பை என்பது தசையால் ஆன பை. ஒவ்வொரு மாதமும் அதன் உள்சுவர் தடித்து வளர்கிறது. கரு தங்காதபோது, புரோஜெஸ்டிரான் ஹார்மோனின் அளவு இறங்கி, அந்த உள்சுவர் உதிர்கிறது. அப்படி உதிரும்போது ‘ப்ரோஸ்டாகிளாண்டின்’ என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. உதிர்ந்ததை வெளியே தள்ளுவதற்காகக் கர்ப்பப்பைத் தசையை இறுக்கிச் சுருங்கவைப்பது இதுதான்.

இது அதிகமாகச் சுரந்தால் தசை மிகவும் இறுகிவிடும். அங்கே போகும் ரத்தக் குழாய்களும் சேர்ந்து சுருங்கும். தசைக்குப் போக வேண்டிய ரத்தமும் ஆக்சிஜனும் குறைந்துபோகும். அப்போது எழும் வலிதான் அடிவயிற்றில் தொடங்கி, இடுப்புக்கும் தொடைக்கும் இறங்குகிறது. இதே வேதிப்பொருள் குடலையும் விட்டுவைப்பதில்லை. அந்த நாள்களில் சிலருக்குக் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு வருவதற்கும் இதுவே காரணம். “வலிக்கு நடிக்கிறா” என்று சொல்லும் யாருக்கும் இந்த ஒரு பத்தியைப் படித்துக்காட்டலாம்.

உள்ளே வேறு எந்த நோயும் இல்லாமல் வரும் இந்த வலியை டாக்டர்கள் முதல்நிலை மாதவிலக்கு வலி என்கிறார்கள். பூப்பெய்திய உடனே இது வருவதில்லை. பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்கள் கழித்து, கருமுட்டை ஒழுங்காக வெளிவரத் தொடங்கிய பிறகு ஆரம்பிக்கும். ரத்தப்போக்கு தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்போ, தொடங்கும்போதோ வரும். ஒரு நாளிலிருந்து மூன்று நாள்களுக்குள் அடங்கிவிடும். பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் இதன் தொல்லை அதிகம்.

பாட்டி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. வயது கூடும்போதும் குழந்தை பிறந்த பிறகும் பலருக்கு இந்த வலி குறைவது உண்டு. ஆனால், 19 வயதுப் பெண்ணிடம் அதை ஒரு வைத்தியமாகச் சொல்ல முடியாது.

எண்கள் என்ன சொல்கின்றன?

மருத்துவ ஆய்வுகளைச் சேகரித்து, சலித்து, மொத்தமாக எடைபோடுவதற்குப் பெயர்பெற்றது காக்ரேன் அமைப்பு. மாதவிலக்கு வலிக்கு உடற்பயிற்சி உதவுமா என்று 2019-ல் அது ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. 12 ஆய்வுகள், அவற்றில் கலந்துகொண்ட 854 பெண்கள் இதில் கணக்கில் வந்தார்கள்.

கிடைத்த முடிவு இதுதான். வலியை 0 முதல் 100 வரை அளக்கும் கோட்டில், உடற்பயிற்சி செய்த பெண்களுக்கு, ஒன்றும் செய்யாதவர்களைவிடச் சுமார் 25 புள்ளிகள் குறைந்திருந்தது. 10 புள்ளி குறைந்தாலே பயன் தெரியும் என்பது ஆய்வாளர்கள் வைத்திருந்த கணக்கு. ஒரு முறைக்கு 45 முதல் 60 நிமிடம், வாரத்துக்கு மூன்று முறை அல்லது அதற்கு மேல் என்பதுதான் அவர்கள் சொன்ன அளவு. மெதுவான யோகாவோ மூச்சு வாங்கும் ஏரோபிக்ஸோ, இரண்டிலும் பலன் தெரிந்தது என்பது கூடுதல் நல்ல செய்தி.

அதே மதிப்பாய்வு இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறது. இந்தச் சான்றுகளின் தரம் குறைவு. பல ஆய்வுகள் சிறியவை. உடற்பயிற்சி செய்பவருக்குத் தான் செய்வது தெரியும் என்பதால், மாத்திரை ஆய்வுகளில் செய்வதுபோல மறைத்துவைத்துச் சோதிக்கவும் வழியில்லை. மாத்திரையைவிட உடற்பயிற்சி மேல் என்று சொல்லும் அளவுக்கும் தரவு இல்லை. ஆகவே, இதை “கட்டாயம் போகும்” என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. “செலவில்லை, பெரிய பக்கவிளைவு இல்லை, பலருக்குக் கணிசமாகக் குறைகிறது” என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஈரானில் மாணவிகளிடம் நடந்த ஆய்வுகள் இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுபவை. 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், 18 முதல் 22 வயதுள்ள மாணவிகள் மூன்றே மூன்று ஆசனங்களைச் செய்தார்கள். பாம்பு நிலை, பூனை நிலை, மீன் நிலை. அதையும் மாதச் சுழற்சியின் பிற்பாதியில், அதாவது அடுத்த மாதவிலக்குக்கு முந்தைய நாள்களில் செய்தார்கள். வலியின் கடுமையும் குறைந்தது, அது நீடித்த நேரமும் குறைந்தது. வீட்டிலேயே செய்யும் பத்து நிமிட ஸ்ட்ரெச்சிங் பயிற்சியை எட்டு வாரம் தொடர்ந்த பள்ளி மாணவிகளிடமும் இதே போன்ற பலன் பதிவாகியிருக்கிறது.

உடற்பயிற்சி உள்ளே என்ன செய்கிறது? இடுப்புப் பகுதிக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. உடம்பே தயாரிக்கும் வலி நிவாரணியான எண்டார்ஃபின் சுரக்கிறது. வலியைப் பெரிதாக்கிக் காட்டும் மன அழுத்தம் இறங்குகிறது. இறுகிக் கிடக்கும் இடுப்பு, தொடைத் தசைகள் தளர்கின்றன. இவை எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்கின்றன என்று கருதப்படுகிறது.

மாதம் முழுக்கச் செய்யணும்!

பெரும்பாலானவர்கள் தவறு செய்வது இங்கேதான். வலி வந்த அன்று யூடியூபைத் திறந்து, பத்து நிமிடம் ஏதோ ஆசனம் செய்துவிட்டு, “எனக்கு இதெல்லாம் சரிப்படலை” என்று மேட்டைச் சுருட்டிவிடுகிறார்கள். உடற்பயிற்சி, போட்டதும் கேட்கும் மாத்திரை கிடையாது. ஆய்வுகளில் பலன் தெரிந்தவர்கள் வாரக்கணக்கில் விடாமல் செய்தவர்கள். ஆகவே, குறைந்தது இரண்டு, மூன்று சுழற்சிகளாவது பொறுத்துப் பார்க்க வேண்டும்.

எளிய கணக்கு ஒன்று. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 45 நிமிடம். முதல் 30 நிமிடம் வேகநடை. பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். ஸ்கிப்பிங், சைக்கிள், நீச்சல், ஷட்டில், டான்ஸ் என்று பிடித்தது எதுவாக இருந்தாலும் சரி. மீதி 15 நிமிடம் கீழே உள்ள பயிற்சிகள்.

இதுவரை எதுவும் செய்யாதவர் முதல் நாளே 45 நிமிடத்தில் குதிக்க வேண்டாம். முதல் வாரம் 15 நிமிடம், அடுத்த வாரம் 20 என்று ஏற்றினால் போதும். படிப்படியாக இலக்குக்கு வந்துவிடலாம்.

பூனை நிலை: கை, முழங்கால்களை ஊன்றி, நாலு காலில் நிற்பதுபோல இருக்கவும். மூச்சை இழுத்துக்கொண்டே முதுகைக் கீழே இறக்கி, தலையை நிமிர்த்தவும். மூச்சை விட்டுக்கொண்டே முதுகை மேலே வளைத்து, தாடையை நெஞ்சை நோக்கிக் கொண்டுவரவும். மெதுவாக 10 முறை.

பாம்பு நிலை: பாயில் குப்புறப் படுக்கவும். உள்ளங்கைகளைத் தோளுக்கு அடியில் ஊன்றி, மூச்சை இழுத்தபடி நெஞ்சை மட்டும் தூக்கவும். தொப்புள் தரையைவிட்டு அதிகம் எழும்ப வேண்டாம். 15 விநாடி இருந்து இறங்கவும். மூன்று முறை.

மீன் நிலை: மல்லாந்து படுத்து, முழங்கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்தவும். உச்சந்தலை தரையை லேசாகத் தொட்டால் போதும். எடை முழுவதும் முழங்கையில்தான் இருக்க வேண்டும். 15 விநாடி. கழுத்து வலி உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம்.

பட்டாம்பூச்சி: உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் விரிக்கவும். முதுகு நிமிர்ந்திருக்கட்டும். மூச்சை விட்டபடி மெல்ல முன்னால் சாயவும். 30 விநாடி, மூன்று முறை.

பாலம்: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, பாதங்களை ஊன்றவும். இடுப்பைத் தூக்கி ஐந்து வரை எண்ணிவிட்டு இறக்கவும். 10 முறை.

குழந்தை நிலை: முழங்காலிட்டுக் குதிகால்மேல் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, நெற்றியைத் தரையில் வைக்கவும். கைகளை முன்னால் நீட்டலாம். ஒரு நிமிடம் ஆழ்ந்து மூச்சுவிடவும். இதோடு முடிக்கலாம்.

எந்த நிலையிலும் சுருக்கென்று வலித்தால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முதுகு, மூட்டுப் பிரச்னை இருப்பவர்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒரு முறை காட்டி, சரியாகச் செய்கிறோமா என்று தெரிந்துகொள்வது நல்லது.

‘அந்த நாள்களில்’ செய்யலாமா?

செய்யலாம். உடற்பயிற்சி செய்தால் ரத்தப்போக்கு கூடும், கர்ப்பப்பை இறங்கிவிடும் என்பதெல்லாம் பயமுறுத்தல்கள்தான். ஆனால், முதல் நாள் வேகநடைக்குப் போயே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வீட்டுக்குள்ளேயே பத்து நிமிட மெதுநடை, பூனை நிலை, குழந்தை நிலை, பட்டாம்பூச்சி ஆகியவை போதும். முடியாவிட்டால் படுத்துக்கொள்ளலாம். ஓய்வு எடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. சர்வாங்காசனம், சிரசாசனம் போன்ற தலைகீழ் ஆசனங்களை இந்த நாள்களில் தவிர்க்கச் சொல்வது யோகா ஆசிரியர்களின் வழக்கம். வலிக்கு அவை தேவையும் இல்லை என்பதால் விட்டுவிடலாம்.

வெந்நீர்ப் பையைத் தூக்கிப்போட வேண்டாம். அதற்கு அறிவியல் ஆதரவு நன்றாகவே இருக்கிறது. 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அடிவயிற்றில் தொடர்ந்து இதமான சூடு தரும் பட்டை, இபுப்ரோஃபென் மாத்திரைக்கு இணையாக வலியைக் குறைத்தது. தோலில் நேரடியாகப் படாமல், துணி சுற்றி வைத்துக்கொள்வது முக்கியம். சூட்டில் இறுக்கம் சற்றுத் தளர்ந்த பிறகு ஸ்ட்ரெச்சிங் செய்வது இன்னும் எளிது.

மைதானத்தில் உடைந்த மௌனம்

உடற்பயிற்சி செய்தால் வலியே வராது என்றால், விளையாட்டு வீராங்கனைகளுக்கு வரவே கூடாதே?

2016 ரியோ ஒலிம்பிக்கில் 4x100 மீட்டர் மெட்லி ரிலே முடிந்ததும், சீன நீச்சல் வீராங்கனை ஃபூ யுவான்ஹுய் வயிற்றைப் பிடித்துக் குனிந்து நின்றார். முந்தைய இரவு மாதவிலக்கு வந்துவிட்டது, அதனால் மிகவும் சோர்வாக இருக்கிறது என்று டி.வி கேமரா முன்பாகவே சொன்னார். உலகம் முழுக்க அது செய்தியானது. 2022 பிரெஞ்சு ஓப்பனில், இகா ஸ்வியாடெக்கிடம் முதல் செட்டை வென்றும் ஆட்டத்தை இழந்த 19 வயது ஜெங் சின்வென், கால் வலியோடு மாதவிலக்கு வயிற்று வலியும் சேர்ந்துகொண்டதை மறைக்காமல் சொன்னார்.

நம் ஊர்க் கதை இன்னும் வலிக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மீராபாய் சானு மொத்தம் 199 கிலோ தூக்கி நான்காவது இடம் பெற்றார். வெண்கலம் வென்றவர் தூக்கியது 200 கிலோ. அன்று தனக்கு மாதவிலக்கின் மூன்றாவது நாள், அதுவும் உடலைக் கொஞ்சம் பாதித்தது என்று போட்டிக்குப் பிறகு மீராபாய் சொன்னார்.

இவர்களைவிட அதிகமாக உடற்பயிற்சி செய்பவர்கள் யார் இருக்கிறார்கள்? ஆகவே, வலி இருக்கும் பெண்ணைப் பார்த்து, “நீ சோம்பேறி, உடம்பை அசைக்கிறதில்லை, அதான்” என்று சொல்வதில் நியாயம் இல்லை. உடற்பயிற்சி வலியைக் குறைக்க உதவும் ஒரு வழி மட்டுமே. வலி இருப்பது யாருடைய குற்றமும் கிடையாது.

மாத்திரை போட்டால் கர்ப்பப்பை கெட்டுப்போகுமா?

கெட்டுப்போகாது. 1971-ல் ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று ஜான் வேன் கண்டுபிடித்தார். ப்ரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை அது தடுக்கிறது என்பதுதான் அந்தக் கண்டுபிடிப்பு. 1982-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இபுப்ரோஃபென், நாப்ராக்சென், மெஃபெனாமிக் ஆசிட் எல்லாம் அதே வழியில்தான் வேலை செய்கின்றன. அதனால்தான் வலி உச்சத்துக்குப் போகும்வரை பல்லைக் கடித்துக் காத்திருக்காமல், தொடங்கும்போதே போட்டால் நன்றாகக் கேட்கிறது.

ஆனால், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி இஷ்டத்துக்குப் போடக் கூடாது. வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மெஃபெனாமிக் ஆசிட் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தக ஆணையம் 2023 இறுதியில் எச்சரிக்கை விடுத்தது. இது அரிதுதான் என்றாலும், மாத்திரை எடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, நெறிகட்டுதல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எந்த மாத்திரை, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை ஒரு முறை டாக்டரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்வது பாதுகாப்பு.

மாத்திரையா, பயிற்சியா என்று சண்டை போட வேண்டியதும் இல்லை. இரண்டும் சேர்ந்து போகலாம். பயிற்சி பழகப் பழக, மாத்திரையின் தேவை குறைகிறதா என்று பார்க்கலாம்.

இங்கே உடற்பயிற்சி போதாது!

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். சில பெண்களுக்கு வலியின் பின்னால் வேறு நோய் இருக்கும். எண்டோமெட்ரியோசிஸ், அடினோமயோசிஸ், நார்த்திசுக் கட்டி போன்றவை. இதில் எண்டோமெட்ரியோசிஸ் என்பது கர்ப்பப்பையின் உள்சுவரைப் போன்ற திசு, கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது. குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் சுமார் 10 சதவிகிதம் பேருக்கு, அதாவது உலகம் முழுக்க ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது கண்டுபிடிக்கப்படுவதற்குள் பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்டுவிடுகிறார்கள். “எல்லாருக்கும் வர்றதுதானே” என்ற நம் வீட்டு வசனத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லவே இல்லை என்று அர்த்தம் ஆகாது.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

* மாத்திரை, வெந்நீர்ப் பை, பயிற்சி எல்லாம் முயன்றும் மூன்று மாதங்களில் மாற்றம் இல்லை.
* மாதத்துக்கு மாதம் வலி கூடிக்கொண்டே போகிறது. அல்லது பல வருடம் வலியே இல்லாமல் இருந்து இப்போது புதிதாக வருகிறது.
* மாதவிலக்கு முடிந்த பிறகும் வலி நிற்கவில்லை. சிறுநீர், மலம் கழிக்கும்போதும் வலிக்கிறது.
* ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது. பெரிய கட்டிகளாகப் போகிறது. ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறது.
* காய்ச்சல், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருக்கிறது.
* நாள் தள்ளிப்போன நிலையில், திடீரெனத் தாங்க முடியாத வயிற்று வலி. திருமணமான பெண்களுக்கு இது கருக்குழாயில் கரு தங்கியதன் அறிகுறியாகவும் இருக்கலாம். காத்திருக்கவே கூடாது.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. 14, 15 வயதாகியும் பூப்பெய்தாத பெண்ணுக்கு மாதாமாதம் அடிவயிற்று வலி மட்டும் வந்து போகிறது என்றால், ரத்தம் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கிக்கொண்டிருக்கலாம். எளிய சிகிச்சையில் சரிசெய்யக்கூடியது இது. “வயசுக்கு வர்றதுக்கு முன்னாடி அப்படித்தான் இருக்கும்” என்று தள்ளிப்போட்டால்தான் சிக்கலாகும்.

டாக்டரிடம் போகும்போது வலி தொடங்கிய நாள், எத்தனை நாள் இருந்தது, பத்துக்கு எத்தனை மார்க், எத்தனை நாப்கின், போட்ட மாத்திரை, போகாமல் விட்ட வகுப்பு, இவற்றைச் செல்போனிலோ காலண்டரிலோ மூன்று மாதம் குறித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. பயிற்சி பலன் தருகிறதா என்று தெரிந்துகொள்வதற்கும் இதே குறிப்புதான் சாட்சி.

ரத்தசோகையையும் மறக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் 53.4 சதவிகிதம். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, எப்போதும் களைப்பு என்றால், பயிற்சியை ஆரம்பிக்கும் முன்பு ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுவது நல்லது.

எங்கே போய் நடப்பது?

இவ்வளவும் படித்த பிறகு ஒரு பெண் கேட்கக்கூடிய கேள்வி இதுதான். உலக சுகாதார நிறுவனம் 17 வயதுவரை தினமும் 60 நிமிடமும், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடமாவதும் உடல் அசைய வேண்டும் என்கிறது. நம் வீடுகளில் பெண்கள் எப்போது விளையாட்டை நிறுத்துகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் மஞ்சள் நீராட்டு விழா முடிந்த மறுவாரம். சைக்கிள் ஓரமாகப் போகிறது. தெருவில் ஷட்டில் ஆடுவது நிற்கிறது. “இனிமே வெளிய சுத்தாதே” என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி பீரியடை மேத்ஸ் சாரோ சயின்ஸ் டீச்சரோ எடுத்துக்கொள்கிறார்கள். உடம்புக்கு அசைவு அதிகம் தேவைப்படும் வயதில்தான் அது பறிபோகிறது.

உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து இடுப்புக்கு வலு சேர்க்க வேண்டும் என்று நினைத்த நம் வீடுகள், அந்த இடுப்பு அசைய ஓர் இடமும் அரை மணி நேரமும் கொடுக்க யோசிக்கின்றன. அந்த இடம் ஜிம்மாக இருக்க வேண்டியதில்லை. மொட்டைமாடி போதும். சாயங்காலம் ஐந்தரைக்கு, வெயில் தாழ்ந்த பிறகு, துணிக்கொடிக்குக் கீழே முப்பது நிமிடம் நடக்க முடியும். ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு நீளமான வராண்டா இருக்கிறது. அம்மாவும் கூடவே நடந்தால், மகளுக்குத் துணை, அம்மாவின் முழங்காலுக்கும் சர்க்கரைக்கும் நல்லது. அந்த அரை மணி நேரத்தில் வேறு எப்போதும் பேசாததைப் பேசிவிடவும் வாய்ப்பு உண்டு.

அப்பாக்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நாப்கினையும் மாத்திரையையும் கறுப்பு கவரில் சுற்றாமல் வாங்கிவந்து கொடுப்பது. “அக்காவுக்கு உடம்பு சரியில்லை” என்பதற்குப் பதிலாக, “அக்காவுக்கு பீரியட்ஸ், வயிறு வலிக்குது, தண்ணி சுட வெச்சுக் கொடு” என்று சொல்லிப் பழக்குவது. அந்தத் தம்பி நாளைக்கு ஒருவருடைய கணவனாக, ஒரு பெண்ணின் அப்பாவாக, ஓர் அலுவலகத்தின் மேனேஜராக ஆகப்போகிறவன்.

மறுபடியும் அந்தக் காலை ஏழே காலுக்கு வருவோம். கட்டிலில் கிடக்கும் பெண்ணிடம் இன்று, “எந்திரிச்சு எக்சர்சைஸ் பண்ணு” என்று சொல்ல வேண்டாம். இன்று அவளுக்குத் தேவை வெந்நீர்ப் பை, ஒரு வாய் இட்லி, டாக்டர் சொன்ன மாத்திரை, காலேஜுக்கு ஒரு போன். நாலு நாள் கழித்து, வலி முழுவதும் போன ஒரு சாயங்காலம், “வாடி, மாடிக்குப் போய் ஒரு ரவுண்டு நடந்துட்டு வரலாம்” என்று கூப்பிடுங்கள். வைத்தியம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது.